செல்வி வீட்டு பிரிண்டரைப் பிரித்த ஞாயிற்றுக்கிழமை

நான் ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. ஆனாலும் காலையில் காபி ஆறுவதற்குள் யாராவது ஒரு பிரிண்டரை என் கைப்பேசிக்கு அனுப்பிவிடுகிறார்கள். வேலூரில் நான் வேலை பார்த்த சர்வீஸ் சென்டரின் பிள்ளைகள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து என்னை விலகவிடவில்லை. போன வாரம் வந்த படம் இது: மொட்டை மாடியில், துணி காயும் கொடிக்குக் கீழே, ஒரு இங்க்ஜெட் பிரிண்டர் கவிழ்ந்து கிடக்கிறது. வாடிக்கையாளர் ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு அதை முழுதாகச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, குழாயடியில் அலசி, வெயிலில் போட்டிருக்கிறார். "மேடம், இத இன்னா பண்றது?" என்று சென்டரில் இருக்கும் திவ்யா கேட்டிருந்தாள். "துவைச்சாச்சு, காயவும் வெச்சாச்சு. இனிமே இஸ்திரி போட வேண்டியதுதான்" என்று பதில் போட்டேன்.

அவள் விடவில்லை. இப்போது எல்லோரும் வீட்டிலேயே பிரிண்டரைப் பிரிக்கிறார்களாம், பிரித்ததைப் பையில் அள்ளிக்கொண்டு சென்டருக்கு வருகிறார்களாம். "வூட்ல பிரிக்கறவங்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் குடுங்க மேடம்" என்றாள். எழுத உட்கார்ந்தால் எனக்கு அறிவுரை வரவில்லை, ஆட்கள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். அதனால் ஆட்களைப் பற்றியே எழுதிவிடுகிறேன். அறிவுரை வேண்டுமென்றால் இடையில் பொறுக்கிக்கொள்ளட்டும்.

என் ஊர் கணியம்பாடி. எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து, ஒரு வருடம் வீட்டில் மாவாட்டிவிட்டு, சென்டரில் சேர்ந்தேன். எங்கள் மேலாளர் கரீம் பாய். வாணியம்பாடிக்காரர். அவர் வீட்டில் எல்லோரும் தோல் வியாபாரம், இவர் ஒருவர்தான் ஸ்க்ரூடிரைவரைப் பிடித்தவர். முதல் மூன்று மாதம் ஒரு செத்த பிரிண்டரை என்னிடம் கொடுத்து, பிரித்து மாட்டு, பிரித்து மாட்டு என்று அதையே செய்யவைத்தார். அந்தப் பிரிண்டரின் மேல் எனக்கிருந்த வெறுப்பு என் மாமியாரின் மேல்கூட இருந்ததில்லை. மூன்றாவது மாதக் கடைசியில் கரண்ட் போன ஒரு மத்தியானம், இருட்டில் தடவியே அதை மாட்டி முடித்தேன். மறுநாள் உயிருள்ள பிரிண்டர் ஒன்று என் மேஜையில் இருந்தது.

பாய் அதட்ட மாட்டார். கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைப்பார். அவர் துடைக்கத் துடைக்க நாங்கள் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவோம். எல்லோரையும், நேற்றுச் சேர்ந்தவரைக்கூட, வாங்க போங்க என்றுதான் பேசுவார். "ஜல்தி பண்ணாதீங்கம்மா. மெஷின் எங்க ஓடிப்போவுது?" என்பது அவர் வாயில் ஒரு நாளைக்குப் பத்து முறை வரும்.

அவர் முறை இதுதான். முதலில் மேஜையில் ஒரு வெள்ளை வேட்டித் துண்டு விரிக்க வேண்டும். கறுப்பு ஸ்க்ரூ விழுந்தாலும் தெரியும், வெள்ளி ஸ்க்ரூ விழுந்தாலும் நிழல் தெரியும். பக்கத்தில் முட்டைக் கடையிலிருந்து வாங்கிய ஒரு காகித முட்டைத் தட்டு. முதலில் கழற்றிய ஸ்க்ரூக்கள் முதல் குழியில், அடுத்தது அடுத்த குழியில். மாட்டும்போது கடைசிக் குழியிலிருந்து திரும்பி வந்தால் போதும், மூளையைச் செலவழிக்க வேண்டாம். திறப்பதற்கு முன் ஒரு சோதனைத் தாள் அடித்து, அதில் தேதி போட்டு வைக்க வேண்டும். எந்த நிறம் வரவில்லை, எங்கே கோடு விடுகிறது என்பதற்கு அதுதான் சாட்சி. இதற்கெல்லாம் முன்னால், வாடிக்கையாளரிடம் ஒரு கேள்வி.

"இன்னா பண்ணீங்கன்னு மட்டும் கேட்டுறாதீங்க. ஒன்னும் பண்ணலன்னுதான் சொல்லுவாங்க. பயம். கடைசியா இது நல்லா ஓடின நாள்ல வூட்ல இன்னா விசேஷம்னு கேளுங்க. தானா வரும்" என்பார்.

வந்தது. கடைசியாக நல்லா ஓடின நாள் பேரனுக்குப் பிறந்தநாள் என்றார்கள் ஒரு வீட்டில். உள்ளே கேக் மேல் ஒட்டியிருந்த சர்க்கரை உருண்டை. வெள்ளையடித்தோம் என்றார்கள் இன்னொரு வீட்டில். மை தெளிக்கிற முனையைத் துடைக்கும் ரப்பரில் சுண்ணாம்பு. ஒரு தோல் வியாபாரி வீட்டில் மட்டும் விசேஷம் எதுவுமில்லை என்று சத்தியம் செய்தார்கள். திறந்தால் கழிவு மை உறிஞ்சும் பஞ்சின் மேல் நாலு பல்லி முட்டை. விசேஷம் பல்லிக்குத்தான்.

இன்னொரு தொல்லையும் உண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும் கதவைத் திறப்பவர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பார். "மெக்கானிக் பின்னால வர்றாராம்மா?" என்பார். முதலில் கோபப்பட்டேன். பிறகு, "வர்றாருங்க, அதுக்குள்ள நான் கொஞ்சம் பிரிச்சி வைக்கறேன்" என்று சொல்லப் பழகினேன். வேலை முடிந்து ரசீது நீட்டும்போது, "அவரு இன்னும் வரலியே?" என்று கேட்டவர்களும் இருக்கிறார்கள்.

வீட்டிலேயே ஒரு இங்க்ஜெட்டைப் பிரித்துச் சுத்தம் செய்யலாமா என்றால், செய்யலாம். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. மையைத் தெளிக்கிற பாகம் ஹெட். அதைச் சுமந்துகொண்டு இடமும் வலமும் ஓடும் வண்டி ஒன்று. வேலை முடிந்ததும் அந்த வண்டி வலது ஓரத்துக்குப் போய் ஒரு ரப்பர் மூடியின் மேல் உட்கார்ந்துகொள்ளும், ஹெட்டின் ஓட்டைகள் காயாமல் இருக்க. பிரிண்டரை அதன் பொத்தானில் அணைத்தால்தான் வண்டி ஒழுங்காகப் போய் உட்காரும். சுவரில் பிளக்கைப் பிடுங்கினால் நின்ற இடத்திலேயே நிற்கும், மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். பாதி வீடுகளில் நடப்பது இதுதான். அடைப்பை எடுக்க ஊசியோ பின்னோ குத்தக் கூடாது. காய்ச்சி வடித்த தண்ணீரில் நனைத்த, நூல் பிரியாத துணியை வண்டிக்குக் கீழே வைத்து, ஹெட்டை அதன் மேல் நிறுத்திவிட்டுப் போய்ச் சாப்பிட்டு வர வேண்டும். ஊறினால் தானாகக் கரையும். அவசரப்பட்டு சிரிஞ்சால் அழுத்தினால் உள்ளே கிழியும்.

பாயின் அந்தக் கேள்வியை நான் என் வேலைக் காலம் முழுக்க எல்லா வீட்டிலும் கேட்டேன். ஒரே ஒரு வீட்டில் கேட்காமல் வேலையை ஆரம்பித்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

விஜயதசமி முடிந்த வாரம், சனிக்கிழமை மத்தியானம் சென்டருக்கு ஒரு போன் வந்தது. நான்தான் எடுத்தேன். ஜமுனாமரத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு மலைக் கிராமத்திலிருந்து செல்வி என்ற பெண் பேசினாள். லைன் விட்டு விட்டு வந்தது.

"அக்கா, பிரிண்டர் அடிக்க மாட்டேங்குது. கறுப்பே வர்ல. நீலம் பாதி வருது. ஸ்கூலு பசங்களுக்கு அடையாள அட்டை அடிச்சித் தரணும், திங்கக்கிழமை ஹெட்மாஸ்டர் கேட்டுக்கீறாரு."

"திங்கக்கிழமை காலையில ஆள் அனுப்பறோம்மா" என்றேன். மறுநாள் எனக்கு விடுமுறை.

அவள் குரல் தாழ்ந்தது. "திங்கக்கிழமை விடியகாலம் ஷூ கம்பெனி வேன் வருதுக்கா. இது ஓடலன்னா நான் அதுல ஏறணும்."

விவரத்தைக் கேட்டு வாங்கினேன். கல்யாணத்துக்கு முன் கீழே ஒரு ஷூ கம்பெனியில் தங்கி வேலை பார்த்தவள். புருஷன் மிளகு பறிக்கக் கேரளாவுக்குப் போயிருக்கிறான். இரண்டு வயதில் பெண் குழந்தை. வருடம் பிறந்தபோது எங்கள் சென்டரில்தான் ஒரு பழைய பிரிண்டரை வாங்கிப்போய், வீட்டிலேயே போட்டோவும் படிவமும் அடித்துத் தந்துகொண்டிருந்தாள். மலையில் அங்கே ஒன்று இங்கே ஒன்றாக வரும் வேலை போதவில்லை. ஆயுத பூஜை வரைக்கும் பார்ப்போம், சரிவரவில்லை என்றால் மறுபடியும் கம்பெனிக்குப் போ என்று மாமனார் சொல்லிவிட்டார். அப்போதுதான் பள்ளிக்கூடத்து வேலை வந்தது. இதை ஒழுங்காகச் செய்து கொடுத்தால் வருடம் முழுவதும் பள்ளிக்கூடத்து அச்சு வேலை எல்லாம் அவளுக்கே. செய்யவில்லை என்றால் அவள் கம்பெனி விடுதியிலும், குழந்தை மலையில் மாமியாரிடமும்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் பாய் நின்றுகொண்டிருந்தார். "நாளைக்கு உங்களுக்கு லீவு" என்றார். "தெரியுங்க பாய்" என்றேன். அவர் தன் அலமாரியைத் திறந்து, புது வேட்டித் துண்டு ஒன்றை எடுத்து என் பையில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கணியம்பாடியில் ஏறி, அமிர்தி தாண்டி, காட்டுக்குள் வளைந்து வளைந்து மேலே போனேன். மழை பெய்து முடிந்த மலை. பஸ் ஜன்னல் வழியாக இலைகள் உள்ளே வந்து முகத்தில் தண்ணீர் தெளித்தன. சாமை வயல்கள் கதிர் சாய்ந்து நின்றன. எனக்குப் பாட வேண்டும் போல இருந்தது. முன் சீட்டில் மூட்டையோடு ஒரு பெரியவர் தூங்கிக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டேன்.

இறங்கிய இடத்தில் செல்வியின் மாமனார் காத்திருந்தார். கோவிந்தன் என்று பெயர். ஒடிசலான, வேகமாக நடக்கிற மனிதர். வழக்கம் போல என் தோளுக்குப் பின்னால் பஸ்ஸைப் பார்த்தார்.

"மெக்கானிக்கு?"

"நான்தாங்க."

"ஓ" என்றார். பிறகு என் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, "பையி கனமாத்தான் கீது" என்றார். ஒப்புக்கொண்டார் என்று எடுத்துக்கொண்டேன். ஏறும் வழியில் அவரே பேசினார். "எனக்கு அந்தப் பொண்ணு மேல கோவம் ஒன்னும் இல்லம்மா. ஆனா ஒரு வருசமா பொட்டி முன்னாலயே குந்திக்கினு கீது. கம்பெனின்னா மாசம் பொறந்தா சம்பளம் நிச்சயம். வேன்காரன் சாயங்காலம் போன் பண்ணுவான், எத்தினி பேருன்னு கணக்கெடுக்க. நான் பதில் சொல்லியாவணும்."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

வீட்டு முன்னறையில் சாமை மூட்டைகளுக்கும் புளி உருண்டைகளுக்கும் நடுவில் ஒரு மேஜை, அதன் மேல் பழைய கணினி, பிரிண்டர். மூலையில் ஜிப் போட்டு மூடிய ஒரு துணிப்பை. செல்வி சனிக்கிழமையே கட்டி வைத்துவிட்டாள் என்பது அதைப் பார்த்ததும் புரிந்தது. இருபத்தைந்து வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் சிரித்தாள், கண் மட்டும் சிரிக்கவில்லை. குழந்தை அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு என்னை முறைத்தது.

பிரிண்டரின் மூடியில் சந்தனமும் குங்குமமும் பெரிய பொட்டாக வைத்திருந்தது. பூஜை முடிந்த வாரம். என் டூல்ஸ் பெட்டியிலும் அப்படியே இருந்தது. என் கை தானாக அந்தப் பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. வேலையை ஆரம்பித்தேன்.

அந்த இடத்தில் பாயின் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். வேன் ஞாபகம் மண்டையில் ஓடிக்கொண்டிருந்ததால் நேரே வேட்டித் துண்டை விரித்துவிட்டேன்.

சோதனைத் தாள் அடித்தேன். கறுப்பு சுத்தமாக இல்லை, நீலத்தில் பாதிக் கோடுகள் இல்லை. ஹெட் எங்கே இருந்தது என்று கேட்டபோது, நடுவில் நின்றுகொண்டிருந்தது என்றாள். பூஜைக்குத் துடைக்க பிளக்கைப் பிடுங்கியிருக்கிறாள். பிறகு, பூஜையில் வைத்த பொருளை எடுக்கக் கூடாது என்று விஜயதசமி வரை அப்படியே விட்டிருக்கிறாள். மூடி இல்லாமல் ஹெட் காற்றில் நின்று காய்ந்துவிட்டது. நோய் தெரிந்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

பின்பக்க ஸ்க்ரூ இரண்டு முதல் குழிக்குப் போயின. மேல் மூடி, பக்கத் தகடு, முன்பலகை எல்லாம் வரிசையாக வந்தன. பட்டை வயரை அதன் தாழ்ப்பாளைத் தூக்கிவிட்டு உருவினேன். கவிழ்த்துத் தட்டியபோது தாள் நுழைகிற வழியிலிருந்து நாலைந்து பொரி விழுந்தது. "இவளா?" என்று குழந்தையைக் காட்டிக் கேட்டேன். செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். குழந்தை ஒரு பொரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டது.

துணியை நனைத்து மடித்து, ஹெட்டை அதன் மேல் நிறுத்தினேன். ரப்பர் மூடியைக் கழுவி, சொட்டு சொட்டாகத் தண்ணீர் விட்டேன். துடைக்கும் ரப்பரில் பாசி போலக் காய்ந்திருந்த மையைக் காதுகுடையும் பஞ்சால் எடுத்தேன். ஊறும் நேரத்தில் செல்வி சாமை உப்புமாவும், தொட்டுக்கொள்ள மலைத்தேனும் கொடுத்தாள். உப்புமாவுக்குத் தேனா என்று கேட்டேன். "சாப்ட்டுப் பாருங்கக்கா, அப்பால சொல்லுங்க" என்றாள். சாப்பிட்டேன். இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன். அதற்குப் பிறகு உப்புமாவைக் குறை சொல்கிறவர்களோடு நான் வாதாடுவதில்லை, பாவம் என்று விட்டுவிடுகிறேன்.

துணியை எடுத்துப் பார்த்தால் கறுப்பும் நீலமும் பட்டை பட்டையாக இறங்கியிருந்தன. மாட்டிவிட்டு மறுபடி சோதனைத் தாள். ஒரு கோடு விடாமல் எல்லாம் வந்தது! செல்வி கையைத் தட்டினாள். குழந்தையும் தட்டியது. வாசலில் உட்கார்ந்திருந்த கோவிந்தன் எட்டிப் பார்த்தார்.

"போடு உன் அட்டையை" என்றேன்.

ஒரு தாளுக்கு எட்டுப் பிள்ளைகள். முதல் வரிசை நன்றாக வந்தது. இரண்டாவது வரிசையில் முகங்கள் விலக ஆரம்பித்தன. ஒரு பெண்ணுக்கு இரண்டு மூக்கு. ஒரு பையனுக்குக் காதுக்குப் பக்கத்தில் இன்னொரு காது. மூன்றாவது வரிசையில் வண்டி ஓடிப்போய் வலது சுவரில் 'டொக்'கென்று மோதி நின்றது. எல்லா விளக்கும் மின்னின.

அணைத்துப் போட்டேன். இன்னும் சீக்கிரம் மோதியது. மூன்றாம் முறை தாளையே இழுக்கவில்லை.

நான் எத்தனையோ பிரிண்டர் பார்த்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு எனக்கு வியர்த்துவிட்டது. வரும்போது மை மட்டும் வராமல் ஓடிக்கொண்டிருந்த பிரிண்டர், என் கை பட்ட பிறகு ஓடவே இல்லை. நான்தான் கெடுத்தேன் என்று தோன்றியது. வயரைச் சரிபார்த்தேன், பல்சக்கரத்தைப் பார்த்தேன், பெல்ட்டை அழுத்திப் பார்த்தேன். எல்லாம் சரி. செல்வி போய்க் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அதன் தலையை வார ஆரம்பித்தாள். ஒருமுறை வாரிய தலையை மறுபடியும் வாரினாள். அதைப் பார்க்க முடியாமல் நான் வெளியே போய் நின்றேன்.

வெளியே நின்றபோதுதான் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை என்பது உறைத்தது. பாய் கண்ணாடியைத் துடைப்பது போலவே இருந்தது. உள்ளே வந்து கீழே அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

"செல்வி, இது கடைசியா நல்லா ஓடின நாள்ல வூட்ல இன்னா விசேஷம்?"

"ஆயுத பூஜைதாங்க்கா."

"பூஜையில இதுக்கு இன்னா பண்ணே?"

"ஒன்னும் பண்லக்கா. தொடச்சி, பொட்டு வெச்சி, பொரி போட்டு, சூடம் காட்டினேன்."

"பொட்டு மூடி மேலதானே வெச்சே?"

அவள் குழந்தையின் பின்னலை அவிழ்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "உள்ளயும் வெச்சேங்க்கா. வேலை செய்யறது உள்ளதானே. வெளிய மட்டும் வெச்சா அதுக்கு எப்டித் தெரியும்?"

"உள்ளன்னா எங்க?"

"அது ஓடிக்கினே இருக்குதே, அதும்மேல. மூஞ்சி மாதிரி இருந்துச்சு. நெத்தியப் பாத்து வெச்சேன்."

நான் டார்ச்சை எடுத்து உள்ளே அடித்தேன். வண்டியின் பின்பக்கம், மேலிருந்து பார்த்தால் தெரியாத விளிம்பில், சந்தனத்தில் குழைத்த குங்குமம் காய்ந்து வெடித்திருந்தது. பாதிப் பொட்டு ஏற்கெனவே உதிர்ந்துவிட்டது. அது உதிர்ந்த இடம் எது என்று பார்த்ததும் எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

வண்டிக்குப் பின்னால், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, கண்ணாடி போன்ற மெல்லிய பிளாஸ்டிக் பட்டை ஒன்று கட்டியிருக்கும். அதில் கண்ணுக்குத் தெரியாத அளவு நெருக்கமான கோடுகள். வண்டி ஓடும்போது அந்தக் கோடுகளை எண்ணிக்கொண்டே போகும். நான் எங்கே இருக்கிறேன், எங்கே மை தெளிக்க வேண்டும் என்று அதற்குத் தெரிவது இந்த எண்ணிக்கையால்தான். பட்டையின் வலது பாதியில் செக்கச்செவேல் என்று குங்குமம் அப்பியிருந்தது. அந்த இடத்துக்கு வரும்போது வண்டிக்குக் கண் மறைக்கிறது. எண்ணிக்கை தப்பி, மூக்கை இரண்டு இடத்தில் போட்டு, சுவர் வருவது தெரியாமல் மோதுகிறது. சோதனைத் தாளின் கோடுகள் இடது பாதியோடு முடிந்துவிடுவதால் அதில் தெரியவில்லை. ஓட ஓடப் பொட்டு இன்னும் உதிர்ந்தது. நான் சுத்தம் செய்து ஓடவிட்டதால்தான் அதிகமானது.

என் மேல்தான் எனக்குக் கோபம். மூடியில் இருந்த பொட்டைப் பார்த்தேனே, கண்ணில் ஒற்றிக்கொண்டேனே! அதே இடத்தில் ஒரு சிட்டிகை மாவு கிடந்திருந்தால் உடனே கேட்டிருப்பேன். குங்குமத்தை அழுக்கு என்று பார்க்க என் கண்ணுக்குத் தெரியவில்லை.

எங்கள் சென்டரிலும் ஆயுத பூஜை உண்டு. பாய்தான் பழமும் பொரியும் வாங்கிவரச் சொல்வார், எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவும் செய்வார். ஆனால் பூஜைக்கு முன்னால் எல்லா மெஷின்களையும் தன் கையாலேயே பிளாஸ்டிக் உறை போட்டு மூடிவிடுவார். பொட்டு உறைக்கு மேல்தான். அவர் மார்க்கத்துக்கு ஒப்பாது போலிருக்கிறது, சொல்லக் கூச்சப்படுகிறார் என்று இத்தனை வருடமும் நான் பெருந்தன்மையாக நினைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் போய்ச் சொன்னபோது பாய் ஆடிப்போய்விட்டார். "அரே, மதம் எங்கம்மா வந்துச்சு இதுல? தூள் உள்ள போவக் கூடாதுன்னுதானே மூடறேன்!" என்றார். பிறகு அவரும் நானும் சிரித்த சிரிப்பில் வாடிக்கையாளர் ஒருவர் பயந்துபோய்த் திரும்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பட்டையின் இடது முனையில் சின்ன ஸ்பிரிங் இருக்கும். அதைத் தளர்த்தி, கொக்கியிலிருந்து பட்டையை விடுவித்தேன். எந்தப் பக்கம் முன்னால் இருந்தது என்று முனையில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டேன். மடங்கினால் போச்சு, மலையில் வேறு பட்டைக்கு எங்கே போவது? செல்வி ஒரு முனையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டாள். ஸ்பிரிட் பட்டால் கோடுகளே அழிந்துவிடும் என்பதால் வெறும் வடித்த தண்ணீரில் துணி நுனியை நனைத்துப் பிழிந்து, ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஒரே திசையில் இழுத்தேன். துணி சிவந்தது. துணியின் வேறு இடத்தை மடித்து மறுபடி இழுத்தேன். நாலாவது முறை துணி வெள்ளையாகவே இருந்தது. வண்டியில் மிச்சமிருந்த பொட்டைத் துடைக்கும்போது செல்வி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அதைத் தடுக்கவில்லை. நானும் மனதுக்குள் போட்டுக்கொண்டேன்.

மாட்டுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. வண்டியின் முதுகில் கோடுகளை எண்ணும் கண்ணுக்கு ஒரு பிளவு இருக்கும். பட்டை அந்தப் பிளவுக்குள் நுழைந்து போக வேண்டும். அவசரத்தில் பின்னால் விட்டுவிட்டால் வண்டி முன்னைவிட வேகமாகப் போய் மோதும். டார்ச்சைச் செல்வி பிடிக்க, பிளவுக்குள் பட்டையை நுழைத்து, கொக்கியில் மாட்டி, வண்டியைக் கையால் தள்ளிப் பார்த்தேன். எங்கும் உரசவில்லை. முட்டைத் தட்டின் கடைசிக் குழியிலிருந்து திரும்பி வந்தேன். முதல் குழி காலியானது.

பொத்தானை நீ அழுத்து என்றேன் செல்வியிடம். அவள் குழந்தையின் விரலைப் பிடித்து அழுத்தினாள்.

வண்டி இடது ஓரம் போனது, வலது ஓரம் வந்தது, சுவருக்கு ஒரு விரல்கடை முன்னால் பதமாக நின்றது. தாளை இழுத்தது. முதல் வரிசை, இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை, நான்காம் வரிசை. தாள் முழுதாக வெளியே வந்து மேஜையில் விழுந்தது. எட்டுப் பிள்ளைகள். எட்டு மூக்கு. எண்ணெய் வைத்து வழித்துச் சீவிய தலையும், மேல் பொத்தான் வரை போட்ட சட்டையுமாக எல்லாரும் எங்களையே பார்த்தார்கள். செல்வி அந்தத் தாளை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளப் போனாள். "ஈரம், ஈரம்! கலைஞ்சிடும்!" என்று கத்தினேன். சட்டென்று எட்டப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். வாடிக்கையாளர் வீட்டில் நான் அழுதது அந்த ஒரு முறைதான், அதில் எனக்கு வெட்கமும் இல்லை.

அடுத்த தாள் அடித்துக்கொண்டிருக்கும்போது கோவிந்தன் உள்ளே வந்து, முதல் தாளை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போனார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு முகமாக விரலை வைத்துக்கொண்டு போனார். "இது நம்ம சின்னசாமி பேத்தி. இது மேலூட்டுப் பையன். தோ, இது ராமன் பொண்ணு, அப்டியே அவுங்க அம்மா மாதிரி" என்றார். எட்டுப் பேரையும் அடையாளம் சொல்லி முடித்துவிட்டு, இன்னும் வருமா என்று அடுத்த தாளுக்காக வந்து நின்றார். அதற்கடுத்ததற்கும் நின்றார்.

வெயில் சாயும் நேரத்துக்கு எல்லா அட்டையும் அடித்து முடிந்தது. நான் ரிப்போர்ட் தாளை எடுத்து எழுதினேன். பழுது: அடைப்பு, எண்ணிக்கைத் தவறு. காரணம் என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டுக் குங்குமம் என்றே எழுதினேன். வாடிக்கையாளர் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டிச் செல்வியிடம் பேனாவைக் கொடுத்தபோது கோவிந்தனின் போன் அடித்தது.

வேன்காரன்தான். வீட்டுக்குள் அவருக்கு லைன் கிடைக்காது. வாசலுக்கு எதிரில் இருந்த பாறையின் மேல் ஏறி நின்றார். செல்வி பேனாவைப் பிடித்தபடி அப்படியே இருந்தாள். குழந்தை மட்டும் ஏதோ பேசிக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது, கோவிந்தன் தொண்டை கிழியக் கத்தினார்.

"இல்லப்பா, எங்க வூட்டுலேர்ந்து யாரும் வர்ல! பேர அடிச்சிடு!... இன்னாது?... ஆமாம்பா, நான்தான் எழுதிக்கச் சொன்னேன், இப்போ நான்தான் அடிக்கச் சொல்றேன்!... அதுக்கு இங்கயே வேலை கீது! இன்னா வேலையா? எங்க மலைப் பசங்க மூஞ்சி எல்லாம் என் மருமவதான் அடிச்சித் தருது!"

நாலு வீடு தள்ளி ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள். கோவிந்தன் அவளையும் பார்த்துவிட்டார். போனைக் காதிலிருந்து எடுக்காமலே, இந்த முறை அவளுக்கும் கேட்கட்டும் என்று, கடைசி வரியை மறுபடியும் கத்தினார்.